டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

அக்காவின் நினைவு மலருக்கான இந்தப் பக்கத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அச்சகத்திலிருந்து இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

அக்கா கீழப்பழுவூரில் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அத்தான் காலமானபோது அவர்களுடைய ஒரே மகள் கண்மணிக்கு மூன்று வயது. அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. படித்த பி.ஏ. கைகொடுத்தது, பெரம்பலூரில் ஒரு டுட்டோரியலில் ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்தார். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவர்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட அங்கே மாணவர்கள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் ரிப்போர்ட்டட் ஸ்பீச் பாடம் நடத்தும்போது அக்கா புத்தகத்தைத் திறக்கமாட்டார். பஸ்ஸில் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார். ஒருநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது குரும்பலூர்க்காரர் ஒருவர் எழுந்து, கண்டக்டர் திமிராக உள்ளே போகச் சொன்னார் என்றார்.

"திமிருன்னு கண்டக்டர் சொன்னாரா?"

"இல்லீங்க டீச்சர். நானா சேத்தது."

"ஒன்னும் சேக்க வேணாம், கொறைக்கவும் வேணாம். ஒருத்தர் சொன்னது அடுத்தவங்களுக்கு முழுசாப் போய்ச் சேரணும்."

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டிலும் இதே கண்டிப்புதான். அக்காவிடம் ஒரு சேதி சொல்லிவிட்டுக் குறுக்கு விசாரணை இல்லாமல் தப்பித்தவர் நம் குடும்பத்தில் யாருமில்லை.

போன வருஷம் அக்கா படுத்தபோது திருச்சிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே பெஞ்சில் அக்கா காத்திருந்தார்.

"டாக்டர் என்னடா சொன்னாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லு."

"ரத்தம் கொஞ்சம் கம்மியாம்க்கா. மாத்திரை எழுதியிருக்காரு. கண்மணி பரீட்சை முடிஞ்சு வர்றதுக்குள்ள சரியாயிடும்."

அன்று விசாரணை நடக்கவில்லை. அக்கா என்னை நம்பிவிட்டார். "அப்ப அவளுக்கு ஒன்னும் எழுதாதடா. படிக்கிற புள்ள" என்றார். கண்மணியின் படிப்புக்காகத்தான் மறைத்தேன் என்று நானும் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அக்காவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் அக்கா போய்விட்டார். கடைசி இரண்டு நாளும் மகள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். மெட்ராஸ் விடுதியிலிருந்து கண்மணி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திடீரென்று போய்விட்டார் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். அவளிடமும் அதையேதான் சொன்னேன்.

சென்ற வாரம்தான் கண்மணியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. "திடீர்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்கல்ல மாமா? அப்ப எல்லார்கிட்டயும் திருத்துங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், நாங்கள் திருச்சிக்குப் போய்வரக் கார் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், துக்கத்தில் துணை நின்ற உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கண்மணிக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவள் கேட்டதைச் செய்துவிடுகிறேன். டாக்டர் சொன்னது இதுதான்:

"பதினஞ்சு நாள் தாண்டுறது கஷ்டம் சார். பொண்ணு இருக்குன்னாங்களே, இன்னிக்கே தந்தி குடுத்து வரச் சொல்லிடுங்க."