தவிலை நிறுத்திய வாரம்

"வியாழன், மூன்றாம் பீரியட். தவில் இரண்டு. கவியரசன், தினேஷ். இருபதாம் நிமிடம் ஒருவன் சட்டைக் காலரை ஒருவன் பிடித்தாயிற்று. தப்பு என்னுடையது."

என் பணிக்குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது. நன்னிலம் பக்கத்து அரசுப் பள்ளியில் நான் அப்போது இசை ஆசிரியர். இருவரும் பிளஸ் டூ. பஸ்ஸில் சீட் பிடிப்பதில் வந்த பழைய சண்டையில் கவியரசன் அடித்து, தினேஷுக்குப் புருவத்தில் தையல்.

இசைச் சிகிச்சை பற்றி அரைகுறையாகப் படித்துவிட்டு, கோபம் கைவழியே இறங்கட்டும் என்று தவிலைக் கொடுத்திருந்தேன். இறங்கவில்லை, வேகம் கூடக் கூட ஏறியது. தலைமை ஆசிரியையிடம் மறைக்காமல் சொன்னேன்.

"சரி சார், இதுதான் கடைசி. இனி கை நீட்டினா கவியரசனுக்கு டி.சி.தான். பொதுத்தேர்வெல்லாம் அவன் பாடு."

"அதுவரைக்கும் என்கிட்ட விடுங்க மேடம்."

அடுத்த வாரம் தவிலை உறையில் போட்டேன். பிறகு எடுத்தது ஒன்றை மட்டும், அது தினேஷுக்கு. கவியரசன் கையில் தாளம். கோயில் மேளத்தில் தாளக்காரர் வேகம் கூட்டி ஓடினால் தவில்காரர் தடுமாறுவார் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

"என்னடா கவி, எனக்கு ஜால்ராவா?" என்றான் தினேஷ்.

"நான் நிறுத்துனா நீ காலிடா."

"வாயை மூடுங்கடா ரெண்டு பேரும். கவி, ஓடாதே. அவன் வாசிக்க இடம் கொடு."

ஓடும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கவைத்தேன். குறிப்பேட்டில் வரிசையாக: ஓடினான். ஓடினான். ஓடினான். பாதியில் எழுந்து போனான். பிறகு ஒருநாள், தாளத்தில் நின்றான்.

செய்முறைத் தேர்வுக்கு முந்திய நாள் மாலை, தினேஷின் கூட்டாளி ஒருவன் கவியரசனின் பையைப் பிடுங்கி பஸ் ஸ்டாப் வாய்க்காலில் எறிந்தான். உள்ளே ரெக்கார்டு நோட். சத்தம் கேட்டு ஓடினேன். கவியரசன் நிழற்குடைக் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றான். யார் மேலும் கை வைக்கவில்லை. இடுப்புத் தண்ணீரில் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தவன் தினேஷ்.

"அவன் கம்பியில தாளம் போட்டுக்கிட்டு நின்னான் சார். அதைப் பார்த்துட்டு எப்படி சார் சும்மா இருக்கிறது?" என்றான்.

கவியரசன் தலையை ஆட்டினான். "தாளமெல்லாம் இல்ல சார். ஆத்திரத்துல கை நடுங்குச்சு."

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கோபக்காரப் பையனிடம் வேகத்தைக் கொடுக்காதீர்கள், இன்னொருவன் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுங்கள்.

டி.சி. எழுதப்படவில்லை, இருவரும் பொதுத்தேர்வு எழுதினார்கள். இது பதிவேட்டில் இருக்கிறது. அன்று கம்பியில் கை தாளம் போட்டதா, நடுங்கியதா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.