போசரியில் எனக்கொரு சம்பளம்

போசரிக்கு நான் அதுவரை போனதே இல்லை. ஆனால் அங்கே ஒரு தொழிற்சாலையில் நான் வருடம் முழுக்க வேலை செய்து சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்று வருமானவரித் துறையின் இணையதளம் சொன்னது.

அப்போது நான் புனேயில் புள்ளியியல் ஆராய்ச்சி மாணவி. ஊர் வவுனியா. இந்திய அரசின் உதவித்தொகையில் வந்திருந்தேன். உதவித்தொகைக்கு வரி இல்லை. ஆனால் என் சேமிப்புக்கு வந்த சிறு வட்டியில் வங்கி வரியைப் பிடித்திருந்தது. கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்ப வரும், விசாவை நீட்டிக்கும்போது காட்டுவதற்கும் கையில் ஏதாவது இருக்கும் என்று துறையில் மூத்த மாணவர் ஒருவர் சொல்லியிருந்தார். நூலகத்தில் உட்கார்ந்து, வரித் துறை தந்திருந்த பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போனேன். வங்கி வட்டிக்குக் கீழே இன்னொரு பதிவு இருந்தது. சம்பளம் என்றிருந்தது. பக்கத்தில் நான் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்தின் பெயர். தேடிப் பார்த்தேன். புனேயை ஒட்டிய போசரித் தொழிற்பேட்டையில் இருந்தது.

மடிக்கணினியை மூடிவிட்டேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மாணவர் விசாவில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. செய்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் விசா முடியச் சில வாரங்களே இருந்தன. நீட்டிப்புக்கு அப்போதுதான் விண்ணப்பித்திருந்தேன்.

அது வெறும் தவறு என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் தவறு என்ற சொல் எங்கள் வீட்டில் ஆறுதல் தரும் சொல் அல்ல. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சோதனைச் சாவடியில் அப்பாவின் பெயரைக் கேட்டார்கள். அவர் சொன்னார். அதே பெயரில் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் நானில்லை என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியிருப்பார். அடுத்த மழைக்காலத்தில்தான் வீட்டுக்கு வந்தார். தவறு நடந்துவிட்டதாக அவரிடமும் சொன்னார்களாம்.

அன்று மாலை அம்மா தொலைபேசியில் கேட்டார்: "என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தடிமன் அம்மா."

"மழையில நனையாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

நான் தங்கியிருந்தது கசார்வாடியில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடி அறையில். வீட்டுக்காரர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியை அன்ரி என்று கூப்பிடுவேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவர் பேச்சில் பாதி இந்தி, மீதி வேலூர்.

"இன்னாம்மா, தட்டுல சப்ஜி அப்படியே கீது? ரெண்டு நாளா மூஞ்சே சரியில்ல."

சொன்னேன். அன்ரி பாதியில் நிறுத்தினார்.

"நீ வேலைக்குப் போனியா?"

"இல்லை அன்ரி. சத்தியமா இல்லை."

"அப்ப எதுக்குப் பயப்படற? நம்ம டேக்ஸ்காரர்கிட்ட போய்க் கேளு."

அவர் சொன்ன டேக்ஸ்காரர், கசார்வாடியிலும் போசரியிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் வரிக்கணக்குப் பார்ப்பவர். எனக்குப் பான் அட்டை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். பழைய மும்பை நெடுஞ்சாலையில், ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒற்றை அறை. என் கணக்கைத் திறந்து பார்த்தார். நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அரே, இது ஒண்ணும் இல்லம்மா. அந்தச் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டிடலாம். அவ்ளோ கம்மிக்கு டேக்ஸே வராது. கதம், முடிஞ்சிது."

"நான் செய்யாத வேலையை, செய்தனான் எண்டு எப்பிடி எழுதிக் குடுக்கிறது?"

"எல்லாரும் பண்றதுதான். யாரு பாக்கப் போறா?"

"விசாக்காரர் பார்ப்பினம்."

அவர் முகம் கடுத்தது. அப்படியானால் அந்தக் கம்பெனியிடமே போய்த் திருத்தச் சொல், எனக்கு அவர்களைத் தெரியாது என்றார். படியிறங்கி வந்தேன். ஒரு நிமிடம், அவர் சொன்னபடியே செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். யாரும் பார்க்காமலே போய்விடலாம். பார்த்தால், நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மறுநாள் காலை அன்ரி புடவை மாற்றிக்கொண்டு நின்றார். "சல், போசரி போலாம். ஆட்டோல ஏறுனா வந்துடும்."

தொழிற்பேட்டைக்குள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நேரமானது. வாகன உதிரிபாகங்கள் செய்யும் சின்ன ஆலை. இரும்பு அறுபடும் சத்தத்தில் அன்ரி பேசியதே காதில் விழவில்லை. வாசலில் இருந்த காவலாளி இந்தியில் என் பெயரைக் கேட்டார். நான் அன்ரியைப் பார்த்தேன். அன்ரிதான் சொன்னார். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பெயருக்குரிய பெண் உள்ளே பேக்கிங்கில் இருக்கிறாளே, நீ யார் என்று கேட்டார்.

நான் உள்ளே இருக்கிறேன். வெளியே நிற்பவள்தான் யாரென்று தெரியாதவள்.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். நீலக் கோட்டு, கையில் எண்ணெய் பட்ட கையுறை. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"நான் ஒண்ணும் பண்ணலியே. யாரு நீங்க? முதலாளி ஷேட் அனுப்பிச்சாரா?"

"இல்லை அக்கா. உங்கட பேரும் என்ர பேரும் ஒண்டு. உங்கட சம்பளம் என்ர கணக்கில வந்திட்டுது."

அவள் புரிந்துகொள்ளவில்லை. என் பேச்சும் அவளுக்குப் புதிது. அன்ரி இந்தியும் தமிழும் கலந்து விளக்கினார்; அவள் கையுறையைக் கழற்றியபடியே கேட்டாள். விளங்கியதும் அவள் இன்னும் பயந்துபோனாள்.

"என் மேல கேஸ் வருமா? நான் காசு எதுவும் எடுக்கல தீதி. ஷேட்டுக்குத் தெரிஞ்சா என் நௌக்ரி போயிடும். என் பேரு சொல்லாதீங்க."

"உங்கட பேரைச் சொல்லாமல் என்ர பேரை எப்பிடிச் சொல்லுறது?" என்றேன். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். இரண்டு பேர் கையும் ஈரமாக இருந்தது.

கணக்குப் பிரிவில் ஒரு மராட்டிப் பெண் இருந்தார். என் பான் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, சம்பளத்துக்கான வரிப்பிடித்தக் கணக்கெல்லாம், அதாவது டிடிஎஸ், வெளியில் ஒருவர் செய்து தருவதாகச் சொல்லி, அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ஹலோ என்ற குரலைக் கேட்டதும் அன்ரி என் முழங்கையை இடித்தார். நேற்றுப் பார்த்த அதே டேக்ஸ்காரர். அவருடைய கணினியில் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரே பெயர். அவள் பான் எண்ணை எடுப்பதற்குப் பதில் என்னுடையதை எடுத்திருக்கிறார்.

"அண்ணா, நேத்து இந்தப் பொண்ணுகிட்ட தெரியாதுன்னீங்க?" அன்ரி தொலைபேசியை நோக்கிக் குனிந்து கேட்டார். டேக்ஸ்காரர் தழைந்த குரலில், திருத்தத் தாக்கல் போட்டுவிடுகிறேன் என்றார். அவர் குரலிலும் பயம் இருந்தது. ஆலைக்காரர்கள் அவருக்குப் பெரிய வாடிக்கையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

கணக்குப் பெண், நான் அங்கே ஒருநாளும் வேலை செய்யவில்லை என்று ஆலையின் முத்திரை வைத்து எழுதித் தந்தார். யார் மீதும் பழி இல்லை, அவள் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று அவளிடமும் சொன்னார்.

திருத்தம் தளத்தில் ஏறுவதற்கு முன்பே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. நேரில் வரவும் என்றிருந்தது. எதற்கென்று இல்லை. போகிற அன்று பெட்டியில் துணிகளை மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அன்ரி அதைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

அதிகாரி என் பெயரை வாசித்தார். ஓம் என்றேன். பிறகு யெஸ் என்றேன்.

எங்கேயாவது வேலை செய்கிறீர்களா என்று தாளிலிருந்து கண்ணெடுக்காமல் ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஆலைத் தாளை எடுத்து நீட்டினேன். நீட்டிய அந்த நொடியிலேயே, அவருக்குத் தெரியாத ஒன்றை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"இவர் யார்?"

"வேறொருவர். என் பெயர் அவருக்கும்."

அவர் தாளை மேசைமேல் என் பக்கம் தள்ளினார். இது தேவையில்லை என்றார். என்னை வரச் சொன்னதற்குக் காரணம், வாடகை ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தது. புதியது கொண்டுவந்தால் போதும்.

வெளியே அன்ரி குடையோடு நின்றிருந்தார். ஒப்பந்தம் என்றதும், "அது நாங்க பண்ண தப்புதான், அங்கிளுக்கு மறந்துபோச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். பயம் போனதால் அல்ல. போகவே இல்லையே என்று அழுதேன். விசா நீட்டிப்பு வரும்வரை அது போகவில்லை. வந்த பிறகும் சில நாள் பெட்டியைப் பிரிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் என் கணக்கிலிருந்து போசரி மறைந்தது. நான் வட்டியை மட்டும் காட்டித் தாக்கல் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெயர்க்காரி கசார்வாடிக்கு வந்தாள், ஒரு டப்பாவில் முறுக்கோடு. அந்த டேக்ஸ்காரரிடம் இனிப் போகமாட்டாளாம். "நீ படிச்ச பொண்ணு, நீயே என்னோடத போட்டுக் குடு." அவள் கணக்கைத் திறந்தோம். அவள் சம்பளம் அவள் பெயருக்குக் கீழே இருந்தது. விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் நிரப்பி முடித்து, கடைசிப் பொத்தானை அழுத்தச் சொன்னபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீயே அமுக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"இல்லை அக்கா. இது உங்கட."

அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.