முனை எங்க?

அடுத்தவர் கயிற்று மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு முனையைத் தேடிக்கொண்டிருக்கிறார் காளிமுத்து. மூட்டைக்குச் சொந்தக்காரர் கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி வந்தவர். பத்தடி தள்ளி நின்று, பாறைக்கு முதுகைக் காட்டித் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் திருப்தியான ஒரு படத்தை எடுத்து முடிப்பதற்குள் கயிற்றின் கடைசி முழத்தில் கைமுட்டி அளவுக்கு ஒரு முடிச்சு விழுந்துவிடும். காளிமுத்து அதை முழங்காலால் அழுத்தி, இரண்டு கையாலும் இழுத்து இறுக்குவார். பிறகு அடுத்த மூட்டை. வணக்கம், சாப்பிட்டாச்சா என்பதெல்லாம் அவரிடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரே யார் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "முனை எங்க?"

முடிச்சைப் போடுவது மட்டுமல்ல, அவிழ்ப்பதும் அவர் அதிகாரம்தான். ஏறி முடித்துக் கயிற்றை உருவ வேண்டிய நேரத்தில் அவரைக் கூப்பிட வேண்டும். வருவார், அவிழ்ப்பார், போவார். தானாக அவிழ்த்துக்கொண்ட ஒரு பல் டாக்டரோடு அவர் ஆறு மாதம் பேசவில்லை. பேசாதது பல் டாக்டருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

மலாக்காவில், ஜாசின் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் போனால் அந்தப் பாறை. தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயங்களை இடித்து, சனங்களெல்லாம் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபோன பிறகும் பாறை மட்டும் அங்கேயே நிற்கிறது. அதை நகர்த்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தவர்கள் இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதில் ஏறுகிற பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. முதலில் ஏறியவர் வைத்ததே பெயர் என்பது ஏறுகிறவர்களின் சட்டம். இங்கே முதலில் ஏறியவர்கள் காளிமுத்துவும் அவருடைய கூட்டாளி கணேஸ்வரனும்; இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள். அதனால் எல்லாரும் கூடிக் கயிறு பிரிக்கிற இடத்துக்கு, தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்ட இடத்தின் பெயர்: பெரட்டுக் களம். குழந்தைகூட ஏறக்கூடிய சாய்வான பாறைக்கு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகை. விரல் வைக்க இடமில்லாத வழுக்கலுக்கு, வேலை வாங்கிய மேஸ்திரியை நினைத்து, மண்டோர் மண்டை. உள்ளதிலேயே உயரமானது, தோட்டத்து ஆபீஸ் கணக்கரின் பெயரில், பெரிய கிராணி. தோட்டத்தில் இருந்த காலத்தில் கிராணியைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கியவர்களின் பிள்ளைகள், இப்போது சனி ஞாயிறுகளில் அவர் தோளில் கால் வைத்து ஏறுகிறார்கள். பினாங்கிலிருந்து வருகிற சீனப் பையன்கள் "இன்னிக்கு பெரிய கிராணி மேல விழுந்துட்டேன்" என்று தங்கள் மொழியில் சொல்லி வருத்தப்படுகிறார்கள்.

காளிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பாறைக்கும் அங்கே போடுகிற இரும்புமூக்குச் சப்பாத்தோடுதான் வருவார். ஏறுவதில்லை. யாருக்கும் கயிறு பிடிப்பதுமில்லை. முடிச்சுப் போடுவார், போத்தல் பொறுக்குவார், பாறையடியில் இருக்கிற முனியாண்டிக்கு ஒரு சுருட்டைப் பற்ற வைப்பார். புதிதாக வருகிறவர்கள் அவரைப் பூசாரி என்று நினைப்பதுண்டு. ஒரு அம்மாள் கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டு, காட்டைக் காட்டினாரே என்று முகநூலில் குறைபட்டுக்கொண்டார்.

முடிச்சுக்குக் காரணம் இருக்கிறது. ஏறுகிறவர் இடுப்பில் கயிற்றின் ஒரு தலை. அது பாறை உச்சியில் உள்ள வளையத்துக்குள் புகுந்து கீழே வந்து, தரையில் நிற்கிறவர் இடுப்பிலுள்ள உள்ளங்கை அளவுக் கருவி வழியாக ஓடும். உச்சிக்குப் போனவரைக் கீழே இருப்பவர்தான் மெல்ல மெல்லக் கயிறு விட்டு இறக்க வேண்டும். ஆக, கயிறு பாறையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால், ஆள் பாதியில் தொங்கும்போது முனை கருவிக்குள் புகுந்து வெளியே ஓடிவிடும். முனையில் முடிச்சு இருந்தால் கருவியில் முட்டி நிற்கும். அவ்வளவுதான் கதை.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு பெரிய கிராணியின் உச்சி வளையம் துருப்பிடித்திருந்தது. இருவரும் அதைக் கழற்றிவிட்டு, மேலே நல்ல கல் பார்த்துப் புது வளையம் அடித்தார்கள். நான்கு மீட்டர் உயரம் கூடியது. அடுத்த வாரம் இருவரும் அதே பழைய கயிற்றோடு வந்தார்கள். கணேஸ்வரன் ஏறினார். காளிமுத்து இறக்கினார். கணேஸ்வரன் ஒரு மாடி உயரத்தில் இருக்கும்போது காளிமுத்துவின் கைக்குள் கயிறு தீர்ந்துபோனது.

இடுப்பும் வலது கணுக்காலும் போயின. கணேஸ்வரன் பிழைத்தார், ஜாசினில் வைத்திருந்த டயர் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்த அன்றே காளிமுத்து கட்டிலடியில் நின்று, முடிச்சுப் போட மறந்துட்டேன்டா, மன்னிச்சிரு என்று அழுதார். கணேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார்.

விசித்திரம் என்னவென்றால், காளிமுத்துவுக்குத் தான் முடிச்சுப் போட்ட ஞாபகம் இருந்தது. வெகு காலம் கழித்து, பாறைக்கு வருகிற குழுவை நடத்தும் அஃபீஃபாவிடம் ஒரே ஒருமுறை அதைச் சொல்லியிருக்கிறார். "போட்டேன்னு கை சொல்லுதும்மா. இல்லன்னு கயிறு சொல்லுது. நான் எத நம்புறது?" கணேஸ்வரன் விழுந்த நாளிலிருந்து அவர் நம்பாதது தன் கையைத்தான். தொழிற்சாலையில் ஒரு பெட்டியைத் தூக்குவதற்கு முன் மூன்று முறை இறங்கிப் பார்ப்பார். மேற்பார்வையாளர் இதைப் பாதுகாப்பு உணர்வு என்று பாராட்டிச் சான்றிதழ் கொடுத்து, சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறார்.

ஒன்பது வருஷமும் ஞாயிறு மதியம் பாறையிலிருந்து நேரே கணேஸ்வரன் வீட்டுக்குப் போவார். தீர்ந்துபோன சமையல் கேஸ் தோம்பை மாற்றுவார். மாதாந்திர வைத்தியத்துக்கு லீவு போட்டு அழைத்துப் போவார். தாமானில் அவரை உதாரணம் காட்டாத தகப்பன் இல்லை. கணேஸ்வரனின் மனைவி பவானேஸ்வரி மட்டும் ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அவரைப் பார்த்து "வாங்க" என்று சொன்னதில்லை. கதவைத் திறப்பார், தண்ணீர் வைப்பார், அந்த ஒரு சொல்லை வைக்க மாட்டார். காளிமுத்துவும் அதை எதிர்பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். இரண்டு ஆண்களும் பந்து விளையாட்டு, பெட்ரோல், யார் மகளுக்கு எங்கே கல்யாணம் என்று எல்லாம் பேசுவார்கள். பாறையைப் பற்றிப் பேசியதில்லை.

போன மாதம் கணேஸ்வரன், காளிமுத்துவிடம் சொல்லாமல், அஃபீஃபாவுக்குப் போன் செய்தார். ஆயாக்கொட்டகையில் ஏற வேண்டுமாம். வைத்தியர் சரி என்று சொல்லிவிட்டாராம். கயிற்றைக் காளிமுத்துதான் பிடிக்க வேண்டுமாம். வேறு யார் பிடித்தாலும் ஏற மாட்டாராம்.

அஃபீஃபா மலாக்கா டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். எந்தக் கசப்பையும் அளவு பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவள். செய்தியைக் காளிமுத்துவிடம் சொன்னபோது அவர் ஒரு கயிற்றுக்கு மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முடியாதும்மா என்றார். இந்தக் கையாலயா என்றார். அவள் வற்புறுத்தவில்லை. "அப்ப நீங்களே அவர்கிட்ட சொல்லிருங்க அங்கிள். எனக்கு அந்த வேலை வேணாம் லா" என்று மட்டும் சொன்னாள். காளிமுத்து அன்று மதியம் கணேஸ்வரன் வீட்டுக்குப் போய், கேஸ் தோம்பை மாற்றிவிட்டு, சொல்லாமல் திரும்பி வந்தார்.

அந்த ஞாயிறும் வந்தது. பெரட்டுக் களத்தில் கார் வந்து நின்றதும், ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் பழைய துணிப்பையுமாகக் கணேஸ்வரன் இறங்கினார். பின்னாலேயே பவானேஸ்வரி. ஒன்பது வருஷத்தில் அவர் இந்தப் பக்கம் வருவது முதல் தடவை. உட்கார நாற்காலி போட்டார்கள்; வேண்டாம் என்று மரத்தடியில் நின்றார். கணேஸ்வரன் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டியது காளிமுத்துவின் பழைய கருவி. இப்போதெல்லாம் கயிறு வேகமாக ஓடினால் தானே கவ்விக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டன. இது அந்த ஜாதி இல்லை. கை பிடித்தால் பிடிப்பு, விட்டால் போச்சு.

"தொடச்சி வச்சிருந்தேன்" என்றார் கணேஸ்வரன்.

காளிமுத்து வாங்கிக்கொண்டார். முதலில் முனையைத் தேடி முடிச்சுப் போட்டார். ஆயாக்கொட்டகை பதினைந்து மீட்டர், கயிறு அறுபது. முடிச்சுக்கு ஒரு அவசியமும் இல்லை. வழக்கத்தைவிட நேரமெடுத்து, முழங்காலால் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

அஃபீஃபா அதிகாலையிலேயே உச்சி வளையத்தில் கயிற்றைக் கோத்து வைத்திருந்தாள். குழந்தைகள் நான்கு நிமிஷத்தில் ஏறுகிற பாறையில் கணேஸ்வரன் அரை மணி நேரம் ஏறினார். வலது காலை ஒவ்வொரு முறையும் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. யாரும் கைதட்டவில்லை. படம் எடுக்கிற ஆசாமிகூடப் போனைப் பைக்குள் போட்டுவிட்டார். உச்சிக்கு வந்ததும் கணேஸ்வரன் வளையத்தைத் தொட்டார். பிறகு நெற்றியைப் பாறையில் சாய்த்துக்கொண்டார்.

"காளி."

"என்னாடா. கயித்துல உக்காரு, எறக்குறேன்."

"எறக்காத. நல்லா புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

"அன்னிக்கி நீ முடிச்சு போட்டுட்டுதான் போன. முனிக்கு சுருட்டு வைக்கப் போயிருந்த. நான் கயிற இந்தப் பக்கம் இழுத்தேன், முடிச்சு வேர்ல மாட்டிக்கிச்சு. நான்தான் அவுத்தேன். ஏறதுக்குள்ள கட்டிக்கலாம்னு நெனச்சேன். கட்டல."

பாறைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அங்கே சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் அது பெரட்டுக் களம் முழுக்கக் கொண்டுவந்து சேர்த்துவிடும். மரத்தடியில் நின்றிருந்த பவானேஸ்வரி கையால் துழாவி, வேண்டாமென்ற நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ அழுதுகிட்டே வந்து மன்னிச்சிருன்ன. அன்னிக்கே சொல்லியிருக்கணும். மறுநாளு சொல்லலாம்னு விட்டேன். மறுநாளு நீ கஞ்சி கொண்டாந்த." மேலே கணேஸ்வரன் வலது காலைக் கையால் நகர்த்தி வைத்துக்கொண்டார். "கீழ வச்சி சொன்னா நீ எந்திரிச்சி போயிருவ. இப்ப போக முடியாதுல்ல."

காளிமுத்து அண்ணாந்து பார்க்கவில்லை. எதிரே பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஃபீஃபா பார்த்தது அவர் முகத்தை அல்ல, வலது கையை. ஓசையில்லாமல் இரண்டு எட்டு வைத்து அவருக்குப் பின்னால் வந்து, தரையில் கிடந்த கயிற்றைத் தானும் பிடித்துக்கொண்டாள். ஏறுகிறவர்கள் மத்தியில் அது அவமரியாதை அல்ல; பிடிக்கிறவர் மீது சந்தேகம் வந்தால் செய்ய வேண்டிய காரியம்.

"விடும்மா" என்றார் காளிமுத்து. "என் கை புடிச்சிருக்கு."

அவள் விட்டாள்.

அவர் இறக்கினார். ஒரு சாண், ஒரு சாணாக இறக்கினார். மண்டபத்தில் கண்ணாடி விளக்கு இறக்குகிறவர்கள்கூட அத்தனை மெதுவாக இறக்க மாட்டார்கள். நடுவில் கணேஸ்வரனின் வலது கால் வழுக்கியது. கயிறு ஒரு விரல்கூட ஓடவில்லை. ஒரு மாடி உயரம் வந்தபோது கணேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த உயரத்தையும் கடந்து, கால் தரையில் பட்டது. அஃபீஃபா ஓடிப்போய் ஊன்றுகோலைக் கொடுத்தாள்.

ஆள் தரைக்கு வந்தாயிற்று. இனி கயிற்றைத் தளர்த்தலாம். காளிமுத்துவின் வலது கை தளரவில்லை. கயிற்றைத் தொடையோடு சேர்த்து அப்படியே பிடித்திருந்தது. இடது கையை மூட்டைக்குள் விட்டுத் துழாவினார். முனை அகப்பட்டது. காலையில் முழங்காலால் அழுத்தி இறுக்கிய முடிச்சு. அதை எடுத்துக் கணேஸ்வரன் முன்னால் நீட்டினார்.

கணேஸ்வரன் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாங்கினார். நகத்தால் கிண்டினார். வரவில்லை. பல்லை வைத்து இழுத்தார். முடிச்சு மெல்ல வாய் திறந்து, அவிழ்ந்து, முனை நேராகித் தொங்குகிற வரைக்கும், காளிமுத்து வலது கையை எடுக்கவில்லை.