எட்டிப் பார்த்து வாங்கிய மோட்டார்

நீலசந்திராவில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மண் மைதானத்தில், ஞாயிறுதோறும் நண்பன் டேவிட்டும் நானும் ரிமோட் கார் ஓட்டுவோம். அவன் கார் மேட்டில் ஏறிப் பறக்கும்போதெல்லாம் என் வாய் "சூப்பர்" என்று சொல்லும், வயிறு எரியும்.

என்ன மோட்டார் என்று அவனிடமே கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. அவன் டீ வாங்கப் போன நேரத்தில் காரைக் கவிழ்த்து, பிரஷ்லெஸ் மோட்டார் மேல் இருந்த கே.வி. எண்ணைப் பார்த்துக்கொண்டேன். எண் கூடினால் சுழலும் வேகமும் கூடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவனுடையதைவிடப் பெரிய எண்ணாகத் தேடி வாங்கி மாட்டினேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு சுற்று நான்தான் முன்னால். மூன்றாவது சுற்றில் மோட்டாரிலிருந்து புகை வந்தது. நான் திகைத்து நிற்க, டேவிட் ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினான். கொஞ்சம் விட்டிருந்தால் பேட்டரியும் பற்றியிருக்கும்.

"இன்னா குரு! என் வண்டி பஞ்சு மாதிரி, ரெண்டு செல் பேட்டரி. உன்னுது எருமை கனம், மூணு செல். செல் கூடினா வேகமும் தானா கூடும், கனத்தை இழுத்து மோட்டார் சூடாகும். அதுக்குப் போய் இவ்ளோ கே.வி.யா? ஒரு வார்த்தை கேட்டா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம் என்பார்கள். என் பூனை கருகியே போனது.

இப்போதெல்லாம் காரின் எடையையும் பேட்டரியின் செல்லையும் பார்த்த பிறகுதான் கே.வி.யைப் பார்க்கிறேன். சில நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி, மோட்டார் சூட்டைச் சோதிக்கிறேன். டேவிட்டைப் பார்த்தால் பொறாமை இன்னும் வரத்தான் செய்கிறது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் பொறாமைப்படுகிறேன்.