நீலக் கோலிப் பன்னீர் சோடா

என் மகளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெரியவர்களுக்குத்தானே வரும் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கும் வரும் என்றார் டாக்டர். தினமும் காலையில் ஊசி. ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பாடு. சர்க்கரை ஏறினால் கெடுதல், சட்டென்று இறங்கினால் அதைவிடக் கெடுதல். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தந்தார். அந்தத் தாளை நான் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஒளித்து வைத்தேன் என்று எழுதுவதுதான் சரி.

யாரிடமிருந்து என்றால், மதினியிடமிருந்து. என் கணவரின் அக்கா அவர். அவர் வீட்டுக்காரரும் என் கணவரும் சேர்ந்துதான் தி. நகரில் ஜவுளிக்கடை நடத்துகிறார்கள். என் மகள் பிறந்த பதினாறாம் நாளே, "இவ என் மகனுக்குத்தான்" என்று தொட்டிலில் கை வைத்துச் சொன்னவர் மதினி. எங்கள் பக்கத்தில் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. நோய் தெரிந்தால் அந்தப் பேச்சு என்னவாகும் என்ற பயம்தான் எனக்கு நோயைவிடப் பெரிதாக இருந்தது. இதை இன்றைக்கு எழுதும்போது கூசுகிறது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். பள்ளியில் உடல்நலப் பாடம் நடத்துகிறவள்.

வீட்டில் ஊசியைக் கொதிக்க வைப்பது, சிறுநீரை மருந்தோடு காய்ச்சிப் பார்ப்பது எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடக்கும். நீலம் வந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறம் வந்தால் நிறைய. நீலம் வந்த நாளில் நாங்கள் மூவரும் சிரித்த முகமாக இருப்போம்.

அவள் அழுதது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் மற்றப் பிள்ளைகள் கலர் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இவள் தண்ணீர் டம்ளரோடு நிற்பாள். "ஏன் குடிக்கலேன்னு எல்லாரும் கேக்கறாங்கம்மா." கேட்பார்கள் என்பதுதான் என் கவலையும்.

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பாய் சோடா கடை வைத்திருந்தார். அவரிடம் போய்ச் சர்க்கரைப் பாகு விடாமல் கலர் சோடா போட முடியுமா என்று கேட்டேன்.

"சக்கர இல்லாத கலரா? அத்த யாரும்மா குடிப்பாங்க?"

"என் வீட்டுக்காரர்தான் பாய். உடம்பு இளைக்கணுமாம்."

"சார் இப்பவே காலி பாட்டில் கணக்கா கீறாரு. இன்னும் இன்னாத்த இளைக்கப் போறாரு?" என்று சிரித்துவிட்டுச் சரி என்றார்.

ஒரு வாரம் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தோம். இஞ்சி சோடா தொண்டையைச் சுட்டது. உப்புப் போட்ட எலுமிச்சை, காய்ச்சல்காரி குடிப்பதுபோல் இருக்கிறதென்றாள். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மாத்திரையைக் கரைத்துப் பார்த்தோம். நாக்கின் அடியில் கசப்பு வெகுநேரம் நின்றது. கடைசியில் பன்னீரும் ஒரு சொட்டு ரோஸ் நிறமும் மட்டும் விட்டுக் காற்றேற்றித் தந்தார் பாய். ஒரு மடக்குக் குடித்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூக்குக்கு இனிக்குதும்மா."

அதையே வைத்துக்கொண்டோம். ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர வைப்பேன். கோலியை அழுத்திய உடனே குடித்துவிட வேண்டும். காற்று இறங்கிவிட்டால் கல்யாண வாசலில் தெளிக்கிற தண்ணீர்தான் அது. சர்க்கரை போட்ட பாட்டிலும் இதுவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அப்படி இருக்கத்தானே இவ்வளவு பாடு. எனக்கு மட்டும் அடையாளம் தெரிவதற்காக, நீலக் கோலி கிடக்கும் பாட்டில்களை எங்களுக்கென்று ஒதுக்கினார் பாய். மற்றதெல்லாம் பச்சைக் கோலி.

போன வைகாசியில் மதினி கே.கே. நகரில் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். சோடா என் பொறுப்பு. பாய் கடையிலிருந்து இரண்டு பெட்டி, அதில் ஆறு பாட்டில் நீலக் கோலி.

"என்னட்டி இது, உன் மகளுக்கு மட்டும் தனியா?" என்று கேட்டார் மதினி.

"நீலக் கோலின்னாத்தான் குடிப்பா மதினி. ஒரு பிடிவாதம்."

"இருக்கட்டும், இருக்கட்டும். இந்த வீட்டுக்கு வரப்போறவதான. இங்க வந்து பிடிவாதம் பிடிக்காம வேற எங்க பிடிப்பா?" என்று சொல்லி, அந்த ஆறையும் தன் கையாலேயே ஈரச் சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தார். வேறு பிள்ளைகள் யாரும் எடுத்துவிடக் கூடாதாம்.

அன்று காலை ஊசி போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். போய் இறங்கியதும் பால் பொங்கிவிடும், உடனே பலகாரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஐயர் இன்னொரு வீட்டில் மாட்டிக்கொண்டார். முதல் நல்ல நேரம் தப்பி, அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. புது வீட்டில் பால் பொங்குவதற்கு முன்னால் யாரும் வாயில் எதுவும் வைக்க மாட்டார்கள். என் கைப்பையில் நான்கு இட்லி இருந்தது. எடுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

"அம்மா, பசிக்குது."

"இதோ ஆயிடும், பொறுத்துக்கோ."

இரண்டு முறை இப்படிச் சொன்னேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. பால் பொங்கி எல்லோரும் குலவையிட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்த அவள் முகத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கை ஆடியது.

மதினிதான் முதலில் பதறினார். "ஏட்டி, பிள்ளைக்கு என்னாச்சு?"

"வெயில்தான் மதினி. சீக்கிரம் ஒரு கலர் கொண்டாங்க."

ஓடிப்போய்க் கொண்டுவந்தார். நான் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன். மதினி பாட்டிலைச் சாய்த்து வாயில் விட்டார். இனிப்பு உள்ளே போகிறது, இப்போது தெளிந்துவிடுவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெளியவில்லை. இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன். அதில் பாதிக்கு மேல் கடைவாயில் வழிந்தது. பேச்சுக் குழறியது, கண் ஒரு பக்கமாகச் செருகியது. அப்போதுதான் மதினியின் கையிலிருந்த பாட்டிலின் கழுத்தைப் பார்த்தேன். நீலக் கோலி.

அவர் மேல் என்ன பிழை? அவளுக்குப் பிடித்தது என்று நான் சொன்னதைத்தான் தேடி எடுத்து வந்திருந்தார்.

கத்தினேன். "சர்க்கரை கொண்டாங்க! அவளுக்குச் சர்க்கரை வியாதி!"

சர்க்கரை டப்பாவோடு யாரோ வந்தார்கள். மதினி அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரையா? பிள்ளையைக் கொல்லப் பாக்கியா? புத்தி கெட்டுப் போச்சாட்டி உனக்கு?"

விளக்கிச் சொல்ல நேரமில்லை. பூஜைக்கு வைத்திருந்த தேன் கிண்ணம் கண்ணில் பட்டது. படைக்கும் முன்னால் தொடாதே என்று யாரோ அதட்டினார்கள். விரலைத் தேனில் தோய்த்து அவள் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே தடவினேன். மறுபடி, மறுபடி. கிண்ணம் காலியான பிறகு அவள் விரல் அசைந்தது. சற்றுப் பொறுத்து "அம்மா" என்றாள்.

ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனோம். உயிருக்கு ஆபத்தில்லை என்று அவர் சொன்ன பிறகு மதினி என்னைத் தனியாக அழைத்தார். "நோய் யாருக்கும் வரும். என்னையும் அந்தப் பாட்டிலைத் தூக்கிட்டு ஓட வச்சியே, அதை நான் எப்படி மறப்பேன்?" என்றார். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. கடையில் என் கணவரும் மதினி வீட்டுக்காரரும் பேசிக்கொள்கிறார்கள், துணியைப் பற்றி மட்டும்.

எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் எங்கே டப்பா விழுந்தாலும், யார் அம்மா என்று கூப்பிட்டாலும் இன்னும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். என் மகள் பென்சில் பெட்டியில் ஒரு பொட்டலம் சர்க்கரை வைத்திருக்கிறாள். வகுப்பில் எல்லோரிடமும் தானே சொல்லிவிட்டாள். விருந்தாளிகள் வந்தால், "எனக்குச் சர்க்கரை நோய், நான் இதைத்தான் குடிப்பேன்" என்று எல்லோர் முன்னாலும் நீலக் கோலியை அழுத்துகிறாள். பாட்டிலில் பெரிதாக அவள் பெயரெழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அப்போதெல்லாம் தலைகுனிகிறவள் நான்.

போன வாரம் சோடாவை டம்ளரில் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள். "அம்மா, அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சுதும்மா. கத்தறதுக்கு முன்னாடி நீ கோலியைப் பாத்தே. அப்புறம் அத்தையைப் பாத்தே. ஏம்மா உடனே கத்தலே?"

ஒரு நொடிதான் இருக்கும். அதை யாரும் பார்க்கவில்லை என்று எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"காத்து எறங்கிடும், குடி" என்றேன்.