கோப்பி இருக்கட்டும், கதிரையை எடு

தேத்தண்ணி குடிக்கிற ஊரில் கோப்பி விற்பதைப்போல அலுப்பான தொழில் வேறில்லை. கடை திறந்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கற்பிட்டிச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மெஷினும் உட்காரச் சில கதிரைகளுமாக என் கடை. காற்றுக் காலத்தில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் குடிப்பார்கள். காற்று நின்றால் ஊர்ச்சனம் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

மருந்துக் கடை

எங்கள் பக்கத்தில் தடிமன் வந்தால் இஞ்சி தட்டிப் போட்டுக் கோப்பி குடிப்பார்கள். வயிற்றோட்டம் என்றால் கோப்பித் தூளில் தேசிக்காய் பிழிந்து விழுங்குவார்கள். சுகமாக இருக்கிற மனிதன் காசு கொடுத்து அதைக் குடிப்பான் என்று யாரும் நினைத்ததில்லை. கடை திறந்த அன்று அயல்வீட்டு நசீமா ராத்தா வாசலில் நின்று, உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: “எல்லாருக்குமா தம்பி வயித்தால போகுது?”

சிலோன் கோப்பி

ஒல்லாந்துக்காரர் ஒருவர் சிலோன் கோப்பிதான் வேண்டும் என்றார். என்னிடம் இருந்தது பிரேசில் கோப்பிக்கொட்டை. யெமன் கரையிலிருந்து புறப்பட்ட செடியைத் தன் முன்னோர்கள் கப்பலேற்றி இங்கேயும் நட்டுப் பார்த்த கதையை அவர் சொன்னார். மிச்சத்தை நான் சொன்னேன். பிறகு ஆள வந்த இங்கிலீசுக்காரர் மலையெல்லாம் கோப்பி நட்டதையும், அதற்காக இந்தியாவிலிருந்து கூட்டிவந்த சனம் வழியிலும் தோட்டத்திலும் செத்ததையும் சொன்னேன். இலையில் நோய் விழுந்து கோப்பி அழிந்த பிறகு அந்த இடத்தில் தேயிலை நட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு என் ஊர் தேத்தண்ணி குடிக்கிறது, நான் ஈ ஓட்டுகிறேன்.

இவ்வளவையும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லி முடிக்க எனக்கு மூச்சு வாங்கியது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் கோப்பையைக் காட்டி, “இன்னும் கொஞ்சம் சீனி கிடைக்குமா?” என்றார்.

ஹாஜியாரின் நிபந்தனை

கடைக் கட்டடம் ஹாஜியாருடையது. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் அவர் இருக்கிறார். பொடியன்கள் தேத்தண்ணிக் கடையில் நின்று குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள், இங்கே ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு பொழுதுபட்டு மஃரிப் ஆகும் வரைக்கும் இருந்து ஊர் விசயம் எல்லாம் கதைக்கிறார்கள், பள்ளி நிர்வாகத்தையும் விடுவதில்லை என்பது அவருடைய மனக்குறை. “கோப்பி வில்லு தம்பி. கதிரைய எடு,” என்றார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். எடுத்துப் பின்கட்டில் அடுக்கினேன்.

மௌலவியிடம் போய்ப் புலம்பினேன். யெமன் நாட்டு சூஃபிகள் இராத்திரியில் திக்ர் ஓதும்போது தூங்கிவிழாமல் இருக்கக் குடித்ததுதான் கோப்பி என்றார். பிறகு மக்காவில், ஆட்கள் கூடிக் கதைக்கிறார்கள் என்று ஒரு ஆளுநர் அதைத் தடுத்தாராம், கொஞ்ச நாளில் தடை போய்விட்டதாம். எப்படிப் போனது என்று ஆசையோடு கேட்டேன். மௌலவி தாடியைத் தடவினார். “தடுத்த ஆக்களுக்கும் நித்திர வந்திரிக்கும்.”

மூலைக் கதிரைகள்

பள்ளிக்கூடம் விட்டதும் பர்வீன் டீச்சரும் அவருடைய கூட்டாளி டீச்சரும் வருவார்கள். உள்மூலையில் இரண்டு கதிரை அவர்களுக்கென்றே கிடக்கும். தேத்தண்ணிக் கடையில் பெண்கள் போய் இருப்பதில்லை. கதிரை எடுத்த மறுநாள் இருவரும் வந்து, வெறும் மூலையைப் பார்த்தார்கள். ஹாஜியாரின் கதையைச் சொன்னேன். பர்வீன் டீச்சருக்குக் கோபமில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “ஆம்பிளையளுக்குக் கடக்கரை இரிக்கு, சந்தி இரிக்கு. எங்களுக்கு இந்த ரெண்டு கதிரதானே இரிந்திச்சு,” என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முழங்கால்

காற்று நின்றது. நின்று குடிக்க யாரும் வரவில்லை. இனி முடியாது, கடையைப் பூட்டுகிறேன், வந்து திறப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஹாஜியாருக்குச் சொல்லி அனுப்பினேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தார். வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாதே என்று ஒரு கோப்பி போட்டுக் கொடுத்தேன். நல்ல சூடு, மடக்கென்று குடிக்க முடியாது. ஒரு காலில் நின்றார், மறு காலுக்கு மாறினார், சுவரைப் பிடித்தார். முழங்கால் வருத்தக்காரர், பள்ளியிலேயே கதிரையில் இருந்து தொழுகிறவர்.

“ஒரு கதிர இல்லையா தம்பி?”

பின்கட்டிலிருந்து கொண்டுவந்து போட்டேன். ரோட்டில் போன கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டார், அவருக்கும் ஒன்று போட்டேன். இருவரும் பள்ளி நிர்வாகத்தைப் பற்றியே கதைத்தார்கள். பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்பினார்கள். நான் எடுத்து வைத்த திறப்பு மேசையிலேயே கிடந்தது. மற்றக் கதிரைகளையும் கொண்டுவந்து போடவா என்று கேட்டேன். ஹாஜியார் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். “எல்லாத்தையும் போடு. நான் மட்டும் இரிந்தா சனம் என்ன கதைக்கும்?”

முதலில் மூலைக் கதிரைகள் இரண்டையும்தான் போட்டேன். கோப்பி போன ஊரெல்லாம் ஆட்களை உட்கார வைத்திருக்கிறது, அதைக் காய்ச்சுகிற நான் மட்டும்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.