தண்டோடு வந்த பூ

போன வாரம் என் மகள் சிவகாமிக்குக் கல்யாணம். பதுளையே திரண்டு வந்தது என்று நான் எழுதினால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். வந்து சாப்பிட்டவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இன்று சொல்ல வந்தது சாப்பாட்டைப் பற்றி இல்லை. பூவைப் பற்றி.

மாப்பிள்ளைக்குக் கண்டியில் ஆபீஸ் உத்தியோகம். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அக்கா என் வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"போட்டோ புடிக்கிறப்ப பொண்ணு கையில பொக்கே இருக்கணும். கண்டியில இப்ப அதான் வழக்கம். இந்த ஊர்ல அதெல்லாம் கெடைக்குமா?"

"கெடைக்காம என்னம்மா? பேஷா கெடைக்கும்!" என்றேன்.

பொக்கே என்பது தின்பதா, உடுப்பதா என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி விற்றவன் நான். இன்று பஜாரில் இரண்டு கடை. வாடிக்கையாளர் கேட்டதை 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அரைக் கடைகூட வந்திருக்காது.

அவர்கள் போனதும் சிவகாமி வந்து நின்றாள்.

"அப்பா, அது மட்டும் இல்லேன்னா அந்தம்மா காலம் பூரா சொல்லிக்காட்டும். அங்க போயி வாழப்போறது நானு."

நியாயம்தானே? விசாரித்தேன். கையில் பிடிக்கும் பூங்கொத்துக்குத்தான் அந்தப் பெயராம். ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் பூச்செடி பார்க்கிற கருப்பையா எனக்கு வேண்டியவர். நேரே அங்கே போனேன்.

"ஏம்பா கருப்பையா, பூவைத் தலையில வைக்காம கையில ஏன் புடிக்கிறாங்க?"

"தொரசாணிமாருக்குத் தலையில ஏதுங்க எடம், மொதலாளி? அங்கதான் தொப்பி ஒக்காந்திருக்கே!"

சிரித்துவிட்டு, பூக்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். டேலியா... வாசம் இல்லை. லில்லி... பேருக்குக் கொஞ்சம். ரோஜா ஒன்றுதான் தேறியது. அதிலும் வெள்ளையைக் காட்டி, இதுதான் விசேஷம் என்றார் கருப்பையா. முழுக்க வெள்ளையா, கல்யாணத்துக்கா? சிவப்பும், கொஞ்சம் லில்லியும் கலந்து கேட்டேன். நாம் பூவை மூக்கால் வாங்குகிறோம், அவர்கள் கண்ணால் வாங்குகிறார்கள். எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு சந்தேகமும் வந்தது. மணவறையில் நம் பெண்ணுக்குக் கை எங்கே காலியாக இருக்கிறது? தேங்காய், வெற்றிலை, அப்பன் கை, அப்புறம் புருஷன் கை. இதில் பொக்கே எங்கே போகும்?

"போட்டோவுக்கு மட்டும்தானேங்க!" என்றார் கருப்பையா.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவரே பூக்களை முழ நீளத் தண்டோடு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, வாளியில் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் வந்து கட்டித் தருவதாகச் சொல்லிப் போனார். வாளியைக் கொல்லையில் நிழலில் வைத்தேன்.

இனிமேல்தான் கூத்து.

விடிந்ததும் மாலை கட்டுகிற பண்டாரம் வந்தார். கொல்லையில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்தார். வாளியும் அங்கேதான் இருந்தது. கல்யாண வீட்டில் பூ இருந்தால் பூக்கட்டுகிறவர் என்ன செய்வார்? எல்லாத் தண்டையும் சுத்தமாகக் கிள்ளிவிட்டுத் தொடுத்துவிட்டார்! குழல் மாதிரி இருந்த லில்லியை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டில் வைத்திருந்தார்.

"யோவ், தண்டெல்லாம் எங்கய்யா?"

"மாட்டுக்குப் போட்டுட்டேங்க மொதலாளி. பூவுல தண்டை வெச்சுக்கிட்டா கட்டுவாங்க?"

கருப்பையா வந்தார். பார்த்தார். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி ஹாலிஎல போய்வர நேரமில்லை. வாசலில் மாப்பிள்ளை வீட்டு வண்டிச் சத்தம் கேட்கிறது. நான் போட்ட கூச்சலில் மேளக்காரரே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார்.

அலங்காரம் பாதியில் இருந்த சிவகாமி எழுந்து வந்தாள்.

"கத்தாதீங்கப்பா. பண்டாரய்யா, ஊர்வலத்துல மாப்பிள்ளை கையில செண்டு புடிப்பாங்கள்ல? அந்த மாதிரி ஒரு குச்சியில இந்தச் சரத்தைச் சுத்திக் குடுங்க. உச்சியில லில்லிய சொருகுங்க. மல்லியையும் சேருங்க."

தாலி கட்டி முடிந்தது. போட்டோக்காரர் பெட்டியை மூன்று காலில் நிறுத்தினார். சிவகாமி கையில் செண்டு. அக்கா கிட்டே வந்து பார்த்தார்.

"என்னடி இது? மாப்பிள்ளை புடிக்கிற செண்டுல்ல? இதப் போயி பொக்கேங்கிற?"

மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"ஆமாங்க மதினி. அவங்களும் புடிக்கலாம்னுதான் குச்சியை நீளமா வெச்சேன்."

மாப்பிள்ளை கையை நீட்டி, அவள் கைக்குக் கீழே குச்சியைப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, "அசையாதீங்க!" என்று கத்தினார். அப்புறம் அக்காவாலும் அசைய முடியவில்லை.

படம் நேற்று வந்தது. மல்லிகை வாசம் அதில் விழவில்லை, சிவப்பும் விழவில்லை. இரண்டு கை மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். தண்டில்லாப் பொக்கே என் வீட்டில்தான் முதலில்... இல்லை என்பவர் கடைக்கு வந்து சொல்லட்டும், பார்ப்போம்!